நீ சுற்றிய வேகம்

உன் கசெற்றை நேற்று முன்தினம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அருகிலுள்ள வானொலி திருத்தும் கடை ஒன்றில் போட்டுக் கேட்டேன். அதன் முதுகில் பச்சை மையில் நீ எழுதிய எழுத்துகள் இன்னும் அழியவில்லை: "பக்கம் 1, இங்கிலாந்து. பக்கம் 2, பிரேசில்." உறையைத் திறந்தபோது பழைய காந்த நாடாவின் புளித்த வாடை வந்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

கடைக்காரர் அதை மின்சாரத்தில் ஓடும் கருவியொன்றில் செருகி விசையை அழுத்தினார். வெளியே வந்தது நான் அறியாத ஒன்று. கிற்றார் ஓடியது. மேளக்காரன் மாடிப்படியில் உருண்டு விழுபவனைப் போல அடித்தான். பாடியவன் கத்தினான், கத்தலின் நடுவே, ஐயத்துக்கு இடமில்லாமல், சிரித்தான்.

"நிப்பாட்டுங்கோ. மெசினிலை ஏதோ பிழை," என்றேன்.

அவர் பொறுமையான மனிதர். இன்னொரு கருவியை எடுத்துத் துடைத்துப் போட்டார். அதே ஓட்டம், அதே சிரிப்பு. பிறகு தன் மேசை இழுப்பறையிலிருந்து பக்திப் பாடல் கசெற் ஒன்றை எடுத்து இரண்டிலும் போட்டுக் காட்டினார்.

"பாருங்கோ அண்ணை, பிள்ளையார் ரெண்டிலையும் சரியான வேகத்திலைதான் வாறார். உங்கடை ஆக்கள்தான் ஓடுகினம்."

"நான் இதை நாலு வருசம் கேட்டனான்."

"அப்ப நாலு வருசமும் மெதுவாய்க் கேட்டிருக்கிறியள்," என்றார் அவர், சோதனைப் பெறுபேற்றை வாசிக்கும் வைத்தியரின் குரலில்.

இம்மடலை நான் அன்பினால் எழுதவில்லை என்பதை முதலிலேயே குறித்துவிடுகிறேன். நீ இறந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. அக்காலம் முழுவதும் உன்னை எண்ணும்போதெல்லாம் என் மனம் இளகியது. அந்த இளக்கத்தைத் திருப்பிப் பெற வழியில்லை என்பதே என் முதல் முறைப்பாடு.

அந்தக் கசெற் வந்த விதத்தை நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். இலண்டனில் இருந்த உன் மச்சான் கொழும்புவரை அனுப்பியதை, நீ குடாநாட்டைச் சூழ்ந்த களப்பைப் படகில் கடந்து கொண்டுவந்தாய். உறையில் கொம்பு வைத்த ஆட்டு முகம். சோதனைச் சாவடியில் நின்றவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, "இதென்ன?" என்று கேட்டிருக்கிறார். "ஆடு வளர்ப்பு அண்ணை. விவசாயப் பாடம்," என்று நீ சொல்லியிருக்கிறாய். அவர் ஆட்டை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்ல சாதி போல," என்று திருப்பித் தந்தாராம். முகம் மாறாமல் பொய் சொல்ல உனக்கு முடியும் என்பதை அன்றே நான் குறித்துவைத்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகள் அவை. மின்கலங்களும் வருவதில்லை. நீ பௌதிகவியல் மாணவன், நான் மெய்யியல். கொக்குவிலில் உங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டிலில், உன் அப்பாவின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்சில்லில் டைனமோவைப் பொருத்தினாய். அதன் மின்னோட்டத்தை நான்கு டயோட்டுகளால் நேராக்கி, கசெற் கருவிக்குக் கொடுத்தாய். மிதியைக் கையால் சுற்றினால் பாட்டுப் படிக்கும். கை தளர்ந்தால் பாட்டும் தளரும். சினிமாப் பாட்டென்றால் பாடகியின் குரல் மெல்ல ஆண்குரலாகும். அப்போது வீட்டிலுள்ள எல்லோரும், "இழுபடுது, சுத்து, சுத்து!" என்று கத்துவார்கள். குடாநாட்டின் பாதி வீடுகளில் அக்காலத்தில் அப்படித்தான் கேட்டார்கள். எந்தப் பாட்டு எந்த வேகத்தில் வர வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் எவரும் ஏமாறவில்லை.

ஆனால் உன் மச்சான் அனுப்பிய இசையை யாழ்ப்பாணத்தில் எவரும் முன்பு கேட்டதில்லை. அது எந்த வேகத்தில் வர வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. நீதான் சொன்னாய்.

"ஒரு செக்கனுக்கு ஒரு சுத்து, மச்சான். கணக்குப் பாத்திருக்கிறன். நீ கை வைக்காதை, பிழைச்சுப்போம்."

பௌதிகவியல் மாணவன் கணக்குப் பார்த்ததாகச் சொன்னான். மெய்யியல் மாணவன் நம்பினான். என் தொழிலை எண்ணும்போது இது எனக்குப் பெருமை தருவதாக இல்லை. பிற்காலத்தில் நான் உயர்தர வகுப்பில் அளவையியல் கற்பித்தேன். "எடுகூற்றைச் சோதிக்காமல் முடிவுக்குப் போகாதே" என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதினேன்.

முதன்முதலாக நான் அதைக் கேட்டது ஒரு பிற்பகலில். நீ சுற்றத் தொடங்கினாய். நிலத்துக்கு அடியிலிருந்து வருவது போல அந்த ஒலி எழுந்தது. ஒவ்வோர் அடியும் விழுந்து, தங்கி, பிறகுதான் அடுத்தது வந்தது. பாடியவனின் குரல் மனிதக் குரலாகவே இல்லை. கிணற்றுக்குள் பாறை உருளும் ஓசை. நான் சுவரில் சாய்ந்திருந்தேன். பாட்டு முடிந்தபோது என் முகம் நனைந்திருந்தது. நீ பார்த்துவிட்டு மிதியைத் துடைத்தாய். பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டி, "என்ன தம்பியவை, மாடு கீடு வருத்தமோ?" என்று கேட்டார். உன் தங்கை, "இல்லை மாமி, இங்கிலீசுப் பாட்டு," என்றாள். "உதுக்கு மாடு பரவாயில்லை," என்றார் மாமி.

அன்று தொடங்கி நான்கு ஆண்டுகள், கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, நீ சுற்றினாய். நான் கேட்டுக் கேட்டு எழுதினேன். அப்படி உருவானதுதான் "எடையின் இசை" என்ற என் கட்டுரை. உன் மச்சானின் கடிதங்களிலிருந்து, இந்த இசை பிறந்த கதையைத் துண்டு துண்டாகச் சேர்த்தேன். வட இங்கிலாந்தின் துறைமுக நகரொன்றில் மூன்று பேர், நல்ல கருவிகளோ நல்ல பதிவுக்கூடமோ இல்லாமல், அவசரமாக ஓர் இசைத்தட்டைப் பதிந்தார்கள்; உன் கசெற்றின் முதல் பக்கம் அதுதான். ஒலி கலங்கியிருந்தது, இசையறிந்தவர்கள் கேலி செய்தார்கள். சுவிற்சர்லாந்திலும் சுவீடனிலும் பிரேசிலிலும் அமெரிக்காவின் தென்கோடியிலும் இருந்த பதின்பருவத்தினர் அதைக் கேட்டார்கள். அந்தக் கலங்கலை வசதிக்குறைவு என்று அவர்கள் எண்ணவில்லை. கொள்கை என்று எண்ணினார்கள். அதைப் போலவே செய்ய முயன்று, இன்னும் கடூரமான ஒன்றைச் செய்தார்கள். தீவிர மெற்றல் இசை என்று இன்று சொல்லப்படும் மரத்தின் கிளைகள் அனைத்தும் அந்த ஒரு கலங்கலிலிருந்து முளைத்தவை.

இவ்வளவும் உண்மை. இதன்மேல் நான் கட்டியதுதான் பொய். அந்த முதல் இசைத்தட்டின் ஆற்றல் அதன் மெதுவில் இருக்கிறது என்று எழுதினேன். அது துக்கத்தின் நடை. சவத்தைச் சுமப்பவர்களின் நடை. பின்வந்தவர்கள் அதை விளங்காமல் வேகத்தின்பின் ஓடிக் கெட்டார்கள் என்று பதினெட்டுப் பக்கங்களில் நிறுவினேன். அந்தக் குரலுக்குப் பாதாளத்தின் குரல் என்று பெயரிட்டேன். ஒவ்வொரு பக்கத்தையும் உனக்கு வாசித்துக் காட்டினேன். நீ மிதியைத் துடைத்துக்கொண்டே கேட்டாய். "நல்லாயிருக்கு மச்சான், எழுது," என்றாய். அதற்குமேல் நீ சொன்னதாக நினைவில்லை.

பிறகு, போரால் ஊரே வெளியேறிய இடப்பெயர்வு. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், நாற்பது பேருக்கு நடுவே, நீ காய்ச்சலில் கிடந்தாய். மருந்து இருக்கவில்லை. நான்காம் நாள் நீ இறந்தாய். அதற்கு முதல்நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாய்.

"அந்தக் கட்டுரையை இப்ப அச்சுக்குக் குடுக்காதை. கரண்ட் வந்தாப் பிறகு, நேர கரண்டிலை ஒருக்காக் கேட்டுப்போட்டுக் குடு."

மின்சாரம் திரும்பும் ஒரு காலத்தைக் காண முடியாதவனின் ஆசை என்று நான் அதை விளங்கிக்கொண்டேன். உன் நினைவாகவே மறு ஆண்டு அதைச் சிற்றிதழ் ஒன்றில் அச்சிட்டேன். கசெற் உன் உடுப்புகளோடு உன் தங்கையிடம் போனது. அதை நான் கேட்டு வாங்கவில்லை. நீ இல்லாமல் அதைக் கேட்பது துரோகம் என்று எண்ணியிருந்தேன். ஆம், துரோகம் என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினேன்.

அதன்பின் கரண்ட் வந்தது. கைபேசிகள் வந்தன. ஒருமுறை கனடாவிலிருந்து வந்த என் மருமகன் அதே இசைத்தட்டைத் தன் கைபேசியில் போட்டுக் காட்டினான். நான் அரை நிமிடம் கேட்டேன். "கம்பனிக்காரர் இப்பத்தைய ஆக்களுக்கு ஏத்த மாதிரி வேகமாக்கிப் போட்டாங்கள்," என்று அறிவித்துவிட்டு எழுந்து போனேன். சான்று என் காதருகே வந்து கத்தியது. நான் சான்றைக் கண்டித்தேன். அந்த மருமகன் இப்போது என்னுடன் இசை பற்றிக் கதைப்பதில்லை. காரணம் இப்போதுதான் விளங்குகிறது.

இந்த மாதம் இது வெளிவந்ததற்கு ஒரு பெண் காரணம். என்னிடம் அளவையியல் படித்தவள். மானிப்பாயில் இரண்டு நண்பர்களுடன் சேர்ந்து மெற்றல் இசைக்குழு ஒன்று நடத்துகிறாள். அவர்கள் வாசிப்பது மிக மெதுவான, மிகக் கனமான இசை. என் கட்டுரையைப் படித்துத்தான் அப்படி வாசிக்கத் தொடங்கியதாகச் சொன்னாள். அவர்களுடைய முதல் இசைத்தொகுப்பு வெளிவருகிறது. அதன் உறையில் என் கட்டுரையை அச்சிட அனுமதி கேட்டாள். உன் கசெற்றைப் படம் பிடித்துப் போடவும் விரும்பினாள். அதற்காகவே அதை உன் தங்கையிடம் வாங்கினேன். படம் பிடிப்பதற்குமுன் ஒருமுறை கேட்போம் என்று கடைக்குப் போனேன். ஒருமுறை கேட்டுப்போட்டுக் கொடு என்று நீ சொன்னதை, இத்தனை ஆண்டுகள் கழித்து, தற்செயலாகச் செய்திருக்கிறேன்.

கடையிலிருந்து நேரே கொக்குவிலுக்குப் போனேன். உன் தங்கைக்கு இப்போது நரை விழுந்துவிட்டது. முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "கேட்டிட்டியளோ?" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்தது.

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அண்ணை."

"அவனுக்கு?"

அவள் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். "நீங்கள் முதல் கேட்ட அண்டைக்குக் காலமை எங்கடை அண்ணை, சினிமாப் பாட்டுக்குச் சுத்திற அதே சரியான வேகத்திலை சுத்திக் கேட்டவர். நானும் நிண்டனான். உந்தப் பாடுறவன் சிரிக்கச் சிரிக்க, அவரும் விழுந்து விழுந்து சிரிச்சவர். பின்னேரம் நீங்கள் வந்தியள். உங்கடை தம்பியின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு முதல்முதலாய் வெளியிலை வந்தனீங்கள். கேற்றிலை உங்களைக் கண்டிட்டு, 'உவன் முன்னாலை உந்தச் சிரிப்பைப் போடேலாது' எண்டு சொன்னவர். அப்பதான் மெதுவாய்ச் சுத்தினவர்."

தம்பியைப் பற்றி நான் மேலே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்றிருந்தேன். குண்டு வீச்சில் இறந்தான், பத்தொன்பது வயது. உன் கொட்டிலுக்கு அன்று வரும்வரை நான் அழவில்லை. அது மட்டும் இங்கே போதும்.

"சரி, அண்டைக்கு. அதுக்குப் பிறகு நாலு வருசம்?"

"நான் கேட்டனான், இனிச் சரியாய்ச் சுத்தலாமே எண்டு. 'அவன் எழுதத் தொடங்கீட்டான். இப்பச் சொன்னா எழுதிறதை நிப்பாட்டிப்போடுவான்' எண்டவர். உங்களிட்டைச் சொன்னா என்ரை தலைமயிரை அறுப்பன் எண்டும் சொன்னவர்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். என் துக்கத்தை எந்த வேகத்தில் ஓட்டுவது என்று தீர்மானிக்க உனக்கு உரிமை தந்தது யார்? அன்று அந்தச் சுவரில் சாய்ந்து நான் அழுதது எதற்காக? அந்த இசைக்காக என்றால், அப்படி ஓர் இசை உலகில் இல்லை. தம்பிக்காக என்றால், அந்த அழுகையை என்னிடமிருந்து வெளியே எடுத்தது ஒரு சூழ்ச்சி. கருணை என்று இதைச் சொல்வார்கள். உன் தங்கையின் சிரிப்பே அதைச் சொல்லிவிட்டது. நான் கருணை கேட்டிருக்கவில்லை. ஆனால் நீ அன்று சரியான வேகத்தில் சுற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் எழுந்து போயிருப்பேன். உன் வளவுக்குத் திரும்பி வந்திருக்க மாட்டேன். அழுதிருக்கவும் மாட்டேன். இது உனக்குச் சார்பான வாதமா, எதிரான வாதமா என்று அளவையியல் கற்பித்த எனக்குத் தெரியவில்லை.

நேற்றுப் பிற்பகல் மானிப்பாய்க்குப் பஸ்ஸில் போனேன். அவளுடைய தகப்பனின் இரும்புக்கடைக்குப் பின்னாலுள்ள களஞ்சிய அறையில் அவர்கள் மூவரும் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். கட்டுரையை அச்சிட வேண்டாம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். நின்றபடியே சொன்னேன்: நான் எழுதியது தவறு, அந்த இசைத்தட்டு மெதுவானதன்று.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சேர், அது வேகமான பாட்டு எண்டு எங்களுக்குத் தெரியும்தானே," என்றாள் அவள்.

"எப்ப தொடக்கம்?"

"முதல் நாளே. போனிலை கிடக்குது சேர்."

"அப்ப ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

மேளத்துக்குப் பின்னாலிருந்தவன், "சேருக்குப் பிழை எண்டு சொல்ல ஆருக்குத் துணிவு?" என்று தன் மடியைப் பார்த்துச் சொன்னான்.

"நாங்கள் நினைச்சம், நீங்கள் வேணுமெண்டு அப்பிடி எழுதினது எண்டு," என்றாள் அவள். "ஒரு கற்பனை மாதிரி. இந்தப் பாட்டு மெதுவாய் இருந்திருந்தா எப்பிடி இருக்கும் எண்டு. அதைத்தான் நாங்கள் வாசிச்சுப் பாத்தது."

"நான் கற்பனை எழுதுவதில்லை," என்றேன். வகுப்பறைக் குரல் தானாக வந்தது.

உட்காரச் சொல்லித் தேநீர் தந்தார்கள். சைக்கிள் கதையையும் உன் தங்கை சொன்னதையும் சொல்லி முடித்தேன். அவள் கண்கள் ஒளிர்ந்தன. "உந்த இசையின்ரை வரலாறே பிழையாய் விளங்கினதுதானே சேர்? நீங்களே எழுதியிருக்கிறியள். அவங்கள் கலங்கலைக் கொள்கை எண்டு நினைச்சாங்கள். நீங்கள் சைக்கிளை இசை எண்டு நினைச்சீங்கள். ரெண்டும் ஒண்டுதானே?"

கெட்டிக்காரி. ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. சுவீடன்காரனை எவரும் ஏமாற்றவில்லை; அவன் தானாகத் தவறினான். என்னை ஒருவன் ஏமாற்றினான். தவறு வேறு, ஏமாற்று வேறு என்றேன். "ஒண்டு வாசிக்கிறம், கேளுங்கோ சேர்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

அவர்கள் வாசித்தார்கள். அந்த அறையில், அடுக்கிய தகரங்களுக்கும் ஆணிப் பெட்டிகளுக்கும் நடுவே, ஒவ்வோர் அடியும் விழுந்து, தங்கி, பிறகுதான் அடுத்தது வந்தது. உலகில் இல்லை என்று நான் முதல்நாள் தீர்மானித்த இசை அது. இந்தப் பிள்ளைகள் உன் கொட்டிலைக் கண்டதில்லை. உன் கையின் வேகம் என் வாக்கியங்களுக்குள் போய், வாக்கியங்களிலிருந்து இவர்களுடைய கைகளுக்குப் போயிருக்கிறது. நான் கோபமாகவே இருந்தேன். ஆனால் எழுந்து போகவில்லை.

முடிந்ததும் அவள் கேட்டாள்: "வெள்ளிக்கிழமை உறை அச்சுக்குப் போகுது. சைக்கிள் சுத்தினவரின்ரை பெயரும் வரவேணும் சேர். கிற்றார், மேளம், குரல் எண்டு எங்கடை பெயருகள் கிடக்குது. அவர் என்ன செய்தவர் எண்டு போடுறது?"

பிறகு சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். முதலில் என் மனதில் வந்த சொல்லை இங்கே எழுத மாட்டேன். இன்று காலை உட்கார்ந்து கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு குறிப்புச் சேர்த்தேன். நடந்தது என்ன, எவர் எவரை ஏமாற்றினார், நான் எவ்வளவு காலம் சோதிக்காமல் இருந்தேன் என்பதை, எவரையும் மன்னிக்காத வாக்கியங்களில் எழுதினேன். கட்டுரையில் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. பெயர்ப் பட்டியலில் மூவருக்கும் கீழே, "வேகம்" என்று எழுதி, அதற்கு நேரே உன் முழுப் பெயரை எழுதினேன். இதை மன்னிப்பென்று எடுத்துக்கொள்ளாதே. தகவல் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் செய்தேன்.

உன் பெயருக்கு முன்னால் வரும் முதலெழுத்து ஒன்றா இரண்டா என்று நினைவில்லாததால் உன் தங்கையைத் தொலைபேசியில் அழைத்தேன். இரண்டு என்றாள். வைப்பதற்குமுன், கேட்க நினைத்திராத ஒன்றைக் கேட்டேன்: அந்தக் கசெற்றைச் சரியான வேகத்தில் அவன் எத்தனை தடவை கேட்டிருப்பான்?

அவள் யோசித்தாள். "ஒருக்காத்தான் அண்ணை. அண்டைக்குக் காலமை. பிறகு அதைப் போட்டதெல்லாம் நீங்கள் வந்தாப் பிறகுதான். நீங்கள் போக, கை நோகுது எண்டு படுத்திடுவர்."

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். களப்பைக் கடந்து, ஆட்டை வளர்ப்பு ஆடாக்கிக் காப்பாற்றிக் கொண்டுவந்த அந்தச் சிரிப்பை நீ ஒரே ஒரு தடவை கேட்டாய். மற்ற நூற்றுக்கணக்கான தடவைகளில் நான் கேட்க வேண்டியதை நீ சுற்றினாய். நீ கேட்க விரும்பியதை அதன்பின் ஒருநாளும் சுற்றவில்லை. என் கோபம் இன்னும் குறையவில்லை. ஆனால் அதை உன்மேல் வைப்பதா, கை நோகிறது என்று நீ ஒருநாளும் என்னிடம் சொல்லாததன்மேல் வைப்பதா, நோகிறதா என்று ஒருநாளும் கேட்காத என்மேல் வைப்பதா என்று விளங்காமல், அதைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.